உருண்டையை வெளியே எடுங்கள்

மாணவ நண்பர்களே, ஒரு தவற்றை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. தவறு செய்தவன் நான். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்பவன். என் தவற்றை எனக்கு உணர்த்தியவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி.

சென்ற ஆண்டு ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. நடுவர்களாக மூன்று பேரை அழைத்திருந்தார்கள். அவர்களில் நான் ஒருவன். புகை கக்கும் எரிமலையும் சுழலும் காற்றாலையும் சொட்டு நீர்ப் பாசனமும் வழக்கம்போல் மேசைகளை நிறைத்திருந்தன. கடைசி மேசையில் மட்டும் மூன்றே பொருள்கள் இருந்தன. ஒரு பூகோள உருண்டை, ஒரு நூல்கண்டு, ஓர் அடிக்கோல். பின்னால் ஒட்டியிருந்த தாளில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: 'சென்னை விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் எவ்வளவு தூரம்?'

"இதில் நீ என்னம்மா செய்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"என் அத்தை மகன் அங்கே வேலை பார்க்கிறார், சார். எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று பாட்டி கேட்டாங்க. அதைத்தான் அளந்தேன்."

அவள் செய்தது இவ்வளவுதான். உருண்டையின் நடுக்கோட்டைச் சுற்றி நூலை வைத்து அளந்தாள். 94 சென்டிமீட்டர் வந்தது. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆகவே உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியில் ஏறத்தாழ 425 கிலோமீட்டர். பிறகு சென்னையில் ஒரு விரலும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விரலும் வைத்து, இடையில் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். 33 சென்டிமீட்டர். பெருக்கினால் 14,025 கிலோமீட்டர்.

"நூலில் இரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம், சார். அதனால் 85 கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும்," என்று தானாகவே சேர்த்துச் சொன்னாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். அவள் தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் வேலை செய்கிறாராம். எந்த அளவைச் சொன்னாலும் எவ்வளவு கூடக்குறைய என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய பாடம்.

என்னுடன் வந்த நடுவர் ஒருவர் உருண்டையைக் குனிந்து பார்த்தார். "நூல் நேர் வடக்கே போகிறதே! இமயமலை, சைபீரியா என்று ஊர் சுற்றிவிட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. அமெரிக்கா மேற்கே அல்லவா இருக்கிறது?" என்று சுவரில் தொங்கிய உலகப் படத்தைக் காட்டினார். மற்றொரு நடுவர் கைப்பேசியை எடுத்துத் தட்டினார். துபாய் வழியாகப் போகும் பயணத்தின் தூரம் அதில் வந்தது. "பாருங்கள், ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். 2,000 கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கிறதே!" என்றார்.

மதிப்பெண் தாளில் 'முயற்சி நன்று. விடை தவறு' என்று எழுதினோம். நானும் கையெழுத்திட்டேன். நாங்கள் நகரும்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ உருண்டை தப்பா, சார்?"

நாங்கள் மூவரும் பதில் சொல்லவில்லை. பரிசளிப்பு விழாவுக்கு நேரமாகிவிட்டது.

இரவில் போட்ட கணக்கு

பூந்தமல்லியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களின் விளக்குகள் தொலைவில் தெரியும். அன்றிரவு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. கீழே வந்து காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். விடை 13,900 கிலோமீட்டர்.

ஒரு நூல்கண்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கண்டுபிடித்த விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உருண்டை சரி. நூல் சரி. நாங்கள்தான் தவறு.

எங்கே தவறினோம்? முதல் நடுவரை ஏமாற்றியது சுவர்ப் படம். இரண்டாம் நடுவரை ஏமாற்றியது 'தூரம்' என்ற சொல். என்னை ஏமாற்றியது சோம்பல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுவர்ப் படம் சொல்லும் பொய்

பூமி உருண்டை, படமோ தட்டை. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் தட்டையாக அழுத்திப் பாருங்கள். எங்காவது கிழியும், அல்லது எங்காவது இழுபடும். கிழியாமல், இழுபடாமல் ஓர் உருண்டையைத் தட்டையாக்க யாராலும் முடியாது. இது வரைபவரின் குறை அல்ல. வடிவ கணிதத்தின் விதி.

பல வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் உலகப் படத்தின் மூலவடிவம் 1569ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் என்ற வரைபட அறிஞர் மாலுமிகளுக்காக அமைத்தது. அந்தப் படத்தில் ஒரு நேர்கோடு போட்டால், திசைகாட்டியின் ஒரே கோணத்தை மாற்றாமல் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டின் வழியே கப்பலை ஓட்டிச் செல்லலாம். மாலுமிக்கு அது பெரிய வசதி. அந்த வசதிக்காகத் துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பைப் பெரிதாக இழுத்துவிட்டார்கள். அந்தப் படத்தில் கிரீன்லாந்து நம் நாட்டைப் போல் பல மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 22 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 33 லட்சம்.

இப்போது அந்தப் படத்தில் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நேர்கோடு போடுங்கள். அரபிக்கடல், அரேபியா, சகாரா பாலைவனம், அட்லாண்டிக் கடல் என்று மேற்கே போகும். அந்தக் கோட்டின் வழியே உண்மையான பூமியில் ஒரு விமானம் பறந்தால் அது கடக்க வேண்டிய தூரம் எவ்வளவு தெரியுமா? 20,300 கிலோமீட்டர்!

இந்த எண்ணைச் சற்று நின்று யோசியுங்கள். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்றால், எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள குறுகிய வழி அதில் பாதிக்கு மேல், அதாவது 20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கவே முடியாது. அதற்கு மேல் போனால் மறுபக்கமாகத் திரும்பி வந்துவிடலாம் அல்லவா? பூமியில் இருக்க முடியாத ஒரு தூரத்தைச் சுவர்ப் படத்தின் நேர்கோடு நமக்குக் காட்டுகிறது. அதை நம்பித்தான் நாங்கள் அந்தப் பெண்ணின் நூலைத் தவறு என்றோம்.

நூல் காட்டும் வழி

ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மையத்தின் வழியே சரிபாதியாக வெட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். வெட்டிய விளிம்பு ஒரு வட்டம். பந்தின் மேல் இதைவிடப் பெரிய வட்டம் வரைய முடியாது. இதற்குப் பெருவட்டம் என்று பெயர். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். துருவத்துக்குத் துருவம் போகும் தீர்க்கரேகை ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதி. ஆனால் சென்னையின் மேல் போகும் 13 பாகை அட்சரேகை பெருவட்டம் அல்ல. அதன் தளம் பூமியின் மையத்தைத் தொடுவதில்லை.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, அவற்றைச் சேர்க்கும் பெருவட்டத்தின் சிறிய வில்தான். விறைப்பாக இழுத்த நூல் தானாகவே அந்த வழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நூலுக்குக் கணிதம் தெரியாது. ஆனால் மிச்சமாக ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் இழுக்கும்போது அது வெளியே வந்துவிடும். மிச்சமே இல்லாத வழிதான் குறுகிய வழி.

அந்த நூல் மீனம்பாக்கத்திலிருந்து எங்கே போகிறது? வடக்கிலிருந்து கிழக்கே 22 பாகை மட்டுமே சாய்ந்து புறப்படுகிறது. வங்கக் கடலின் ஓரமாகச் சென்று மசூலிப்பட்டினத்தின் பக்கம் கரையேறுகிறது. ஒடிசா, பீகார், நேபாளம் என்று போய், எவரெஸ்ட் சிகரத்தை ஒட்டினாற்போல் கடக்கிறது! பிறகு திபெத், மங்கோலியா, சைபீரியா. வழியின் சரிபாதி, குளிருக்குப் பெயர்போன யாகூட்ஸ்க் நகரத்துக்கு வடக்கே விழுகிறது. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், ஏறத்தாழ 69 பாகை வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து, அலாஸ்காவைக் குறுக்கே கடந்து, பசிபிக் கடலோரமாக சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒன்று, நடுவழியில் இயந்திரக் கோளாறு காரணமாக 216 பயணிகளோடு ரஷ்யாவின் மகதான் என்ற ஊரில் இறங்கியது. சுவர்ப் படத்தில் மகதானைத் தேடிப் பாருங்கள். வலது ஓரத்தில், மேலே இருக்கும். இடது ஓரத்தில் இருக்கும் அமெரிக்காவுக்குப் போகிற விமானம் வலது ஓரத்தில் ஏன் இறங்கியது? சுவர்ப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு இது புதிர். உருண்டையைப் பார்த்தவருக்கு இதில் வியப்பே இல்லை.

பேனாவால் அளப்பது எப்படி?

பதினோராம் வகுப்பில் முக்கோணவியல் படிப்பவர்கள் நூலில்லாமலே இந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். வேண்டியவை நான்கு எண்கள். சென்னை விமான நிலையம் 13.0 பாகை வடக்கு, 80.2 பாகை கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் 37.6 பாகை வடக்கு, 122.4 பாகை மேற்கு. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 202.6 பாகை. இது 180க்கு மேல் இருப்பதால் மறுபக்கமாக எண்ண வேண்டும்; 360இல் கழித்தால் 157.4 பாகை.

இனி மூன்று படிகள். முதற்படி: இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். 0.225 × 0.610 = 0.137. இரண்டாம் படி: அவற்றின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் மதிப்பையும் பெருக்குங்கள். 0.974 × 0.792 × (-0.923) = -0.712. மூன்றாம் படி: இரண்டையும் கூட்டுங்கள். -0.575. எந்தக் கோணத்தின் கொசைன் இது? 125.1 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள கோணம் இதுதான்.

360 பாகைக்கு 40,000 கிலோமீட்டர் என்றால் ஒரு பாகைக்கு 111.1 கிலோமீட்டர். 125.1ஐ 111.1ஆல் பெருக்கினால் 13,900. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதால் சிறு திருத்தம் உண்டு. அது நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு.

40,000 என்று பூமியின் சுற்றளவு இவ்வளவு வசதியான எண்ணாக எப்படி வந்தது என்று சிலர் கேட்கலாம். தற்செயல் அல்ல. பிரெஞ்சு நாட்டு அறிஞர்கள் 1790களில் மீட்டரை வரையறுத்தபோது, பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கையே ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். கடல்மைல் என்பதும் அப்படியே: ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குரிய தூரம் ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். நம் அளவுகோலுக்குள்ளேயே பூமி ஒளிந்திருக்கிறது.

நம்மூரில் தொடங்கிய அளவு

இந்த விஷயத்தில் மற்ற ஊர் மாணவர்களைவிட நமக்கு உரிமை அதிகம். மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிகள் பக்கத்தில் ஒரு சிறு குன்றைப் பார்க்கிறார்கள். அதுதான் பரங்கிமலை. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி அங்கேதான் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அதை அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியின் வெப்பநிலையையும் கூடவே அளந்து திருத்தம் செய்தார்கள்.

அவ்வளவு பொறுமை எதற்காக? பூமியின் மேல் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று அறிவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. நாம் மேலே ஒரே வரியில் எழுதிவிட்ட 111 என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

பரங்கிமலையில் தொடங்கிய அந்த முக்கோண அளவைப் பணி நாடு முழுவதும் பரவி இமயமலை வரை சென்றது. 1852ஆம் ஆண்டில் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளத்துக் கணித அறிஞர், தொலைவிலிருந்து எடுத்த கோண அளவுகளை வைத்துக் கணக்கிட்டு, எவரெஸ்ட்தான் உலகின் மிக உயர்ந்த சிகரம் என்று கண்டார். பரங்கிமலையின் அடியிலிருந்து புறப்படும் நூல் எவரெஸ்ட்டின் பக்கமாகப் போவது தற்செயல்தான். ஆனாலும் உருண்டையின் மேல் அதைக் காணும்போது எனக்கு மெய்சிலிர்த்தது.

எந்தத் தூரம்?

அப்படியானால் இரண்டாம் நடுவர் காட்டிய 16,000 கிலோமீட்டர் பொய்யா? இல்லை. சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 13,000. இரண்டையும் கூட்டினால் 16,000க்குச் சற்றுக் குறைவு. துபாயில் விமானம் மாறிப் போகிறவர் கடக்கும் தூரம் அது. அந்தக் கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் அந்தப் பெண் கேட்டது அந்தக் கேள்வியை அல்ல.

விமானம் ஏன் நூல் வழியிலேயே போவதில்லை? முதற்காரணம் மலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானி சில நிமிடங்களில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும்; அங்கேதான் மனிதர் இயல்பாக மூச்சுவிட முடியும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே நாலரை கிலோமீட்டருக்கு மேல். இறங்க இடம் ஏது? இரண்டாவது காரணம் அரசியல். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மூன்றாவது காரணம் காற்று. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன ஏர் இந்தியா விமானம் வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியே சென்றது. பழைய வழி ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். புதிய வழி 15,300. அதாவது 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் பயண நேரமோ பதினாலரை மணி. முன்னைவிட ஏறத்தாழ இரண்டு மணி குறைவு! 15,300ஐ 14.5ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் மணிக்கு 1,055 கிலோமீட்டர். அத்தகைய விமானம் காற்றில் தானாகப் பறக்கும் வேகம் 900 அளவில்தான் இருக்கும். மீதி எங்கிருந்து வந்தது? அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறுபோல் ஓடும் காற்று பின்னாலிருந்து தள்ளியது.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்குப் பெண் விமானிகளே ஓட்டிவந்த விமானம் வடதுருவத்தின் மேலாக வந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நூல் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். விமானம் பறந்ததோ ஏறத்தாழ 16,000.

ஆகவே 'எவ்வளவு தூரம்?' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நூல் தூரம் ஒன்று. பறந்த தூரம் ஒன்று. மாறிச் செல்லும் பயணத்தின் தூரம் ஒன்று. நூல் தூரம் ஒன்றுதான் எந்த நாளும் மாறாதது. மற்றவை மலைக்கும் காற்றுக்கும் அரசுகளுக்கும் ஏற்ப மாறும். ஓர் எண்ணைக் கேட்டவுடன் 'இது எந்தத் தூரம்?' என்று திருப்பிக் கேட்பவர்தான் அறிவியல் மாணவர். நாங்கள் மூவரும் அன்று அதைக் கேட்கவில்லை.

என் கருத்து

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளுக்குப் போகும்போதெல்லாம் உருண்டை எங்கே என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது அலமாரிக்குள் பூட்டியிருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் 'பூகோள உருண்டை - 1' என்று எழுதியிருக்கிறது. உடைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். எனவே ஆய்வு நாளன்று வெளியே வந்து, தூசி தட்டப்பட்டு, மறுபடி உள்ளே போய்விடுகிறது. மாணவர் கண்ணில் தினமும் படுவது தட்டைப் படம் மட்டுமே. பத்தாண்டுகள் தட்டைப் படத்தையே பார்த்து வளர்ந்தவருக்குப் பூமி உருண்டை என்பது தேர்வில் எழுதும் ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

'கைப்பேசியில் தட்டினால் தூரம் வந்துவிடுமே, நூல் எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். கைப்பேசி எண்ணைச் சொல்லும். ஆனால் அந்த எண் நம்பத்தக்கதா, அது எந்தக் கேள்விக்கு விடை என்று தீர்மானிக்கிற வேலை நம்முடையது. அன்று கைப்பேசி எங்கள் கையில்தான் இருந்தது. சரியான விடை நூலைப் பிடித்தவளிடம் இருந்தது. 'இது தேர்வில் வராது' என்பது மற்றோர் எதிர்ப்பு. வராமல் போகட்டும். தேர்வில் வருவதை மட்டும் படித்த நாங்கள் மூன்று பேர் என்ன செய்தோம் என்று மேலே எழுதிவிட்டேனே!

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, உருண்டையை அலமாரியிலிருந்து எடுத்து மாணவர் கைக்கு எட்டும் மேசையில் வையுங்கள். உடைந்தால் உடையட்டும். பல கைகள் தொட்டு உடைந்த உருண்டை, யாரும் தொடாத உருண்டையைவிட மேலானது. தலைமையாசிரியர்கள் அந்தச் செலவை உடைத்த பிள்ளையின் தலையிலோ ஆசிரியர் தலையிலோ சுமத்தக் கூடாது. இரண்டாவது, அளந்து வந்த விடைக்கு மதிப்பெண் போடும்போது, புத்தகத்து எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்படி அளந்தான், எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொன்னானா என்று பாருங்கள். '85 கிலோமீட்டர் முன்னே பின்னே' என்று அந்தப் பெண் சொன்னது, என் கல்லூரி மாணவர் பலர் சோதனைக் குறிப்பேட்டில் எழுத மறந்துவிடும் ஒன்று.

மறு திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அனுமதியோடு காலை வழிபாட்டுக் கூட்டத்தில், விடை சரி, நடுவர் தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பரிசுகளை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அதை என்னால் திரும்பப் பெற முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு திருத்தம் சொன்னேன்: "85 கூடக்குறைய இருக்கலாம் என்று சொல்லிவிட்டு 14,025 என்று எழுதலாமா, அம்மா? அந்த 25க்கு என்ன பொருள்? 14,000 என்று எழுது." சற்று யோசித்துவிட்டு, "சரி சார். பாட்டிக்கும் அப்படிச் சொன்னால்தான் ஞாபகம் இருக்கும்," என்றாள்.

இனி உங்கள் முறை. உருண்டை இல்லையென்றால் ஒரு பழைய கால்பந்தில் பேனாவால் பூமத்திய ரேகையும் தீர்க்கரேகைகளும் வரைந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நூல் பிடியுங்கள். ஹீத்ரோ 51.5 பாகை வடக்கு, 0.5 பாகை மேற்கு. தூரம் என்ன? வழியின் சரிபாதி எங்கே விழுகிறது, பாலைவனத்திலா, கடலிலா? முதலில் சுவர்ப் படத்தில் கோடு போட்டு ஒரு விடை எழுதுங்கள். பிறகு நூலைப் பிடித்து ஒரு விடை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். எவ்வளவு கூடக்குறைய என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.